படம் உங்களுடையது, உரிமை யாருடையது? சுயாதீனமாகப் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு முழுநீளப் படங்கள் எடுத்திருக்கிறேன். முதல் படத்தை ஒரு விநியோக நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஏழு வருடம் அதை நானே யாருக்கும் போட்டுக் காட்ட முடியாமல் இருந்தேன். இரண்டாவது படத்துக்கு ஒப்பந்தம் பேசி முடிக்கவே நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். நடுவில் படித்துத் தெரிந்துகொண்டதும் பட்டுத் தெரிந்துகொண்டதும் இங்கே இருக்கிறது. படத்தை முடித்தவர்களும் முடிக்கப்போகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கையெழுத்துக்கு முன்னால் வழக்கறிஞர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பதில்கள் உதவும்.

சுயாதீனப் படம் என்றால் குறைந்த செலவில் எடுத்த படம் என்று அர்த்தமா?

இல்லை. படத்தைப் பற்றிய கடைசி முடிவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. 1919-ல் சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், டி.டபிள்யூ. கிரிஃபித் நான்கு பேரும் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அன்றைய தேதியில் அவர்களைவிடப் பெரிய பெயர்கள் அமெரிக்க சினிமாவில் அதிகம் இல்லை. பணம் இல்லாததால் அவர்கள் ஒன்று சேரவில்லை. தங்கள் படத்தைத் தாங்களே விநியோகிக்க வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தார்கள்.

படம் முடியட்டும், அப்புறம் வியாபாரம் பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். தப்பா?

தப்பு. நான் செய்த தப்பே அதுதான்.

முதல் படத்துக்கான ஒப்பந்தத்தை ஒரு திரைப்பட விழாவின்போது ஹோட்டல் வரவேற்பறை சோபாவில் வைத்து என்னிடம் நீட்டினார்கள். அன்று காலைதான் படம் திரையிடப்பட்டிருந்தது. மொத்தம் 26 பக்கம். எதிரில் இருந்தவர் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் இருந்தது. படத்தைப் பற்றி அவர் மிக நன்றாகப் பேசினார். பாட்டியாக நடித்தவர் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ப்பாள் போடாமல் நிற்கும் ஒரு ஷாட்டைச் சொன்னார். அதற்காக நாங்கள் ஒரு முழு நாள் செலவழித்திருந்தோம். மூன்று வருடமாக யாரும் பார்க்காததை ஒருவர் பார்த்துவிட்டார் என்ற நிம்மதியில், முதல் 25 பக்கங்களை நான் புரட்டக்கூட இல்லை.

படம் முடிந்த கையோடு நாம் இருக்கும் நிலை அப்படி. கடன் கழுத்தை நெரிக்கும். உடம்பு ஓய்ந்திருக்கும். யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்று மனசு ஏங்கும். பேரம் பேசுவதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. அதனால் எதைக் கொடுப்பேன், எதைக் கொடுக்க மாட்டேன் என்பதை எடிட்டிங் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சோர்ந்துபோன நாளில் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

படப்பிடிப்புக்கு முன்பே எந்தக் காகிதங்களைச் சரி செய்ய வேண்டும்?

கதையும் திரைக்கதையும் யாருடையவை, அவற்றைப் படமாக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா என்பதில் தொடங்குங்கள். நடித்தவர்கள், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், எடிட்டர் எல்லோரிடமும் கையெழுத்து வேண்டும். நண்பர்தானே, அவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று தயங்குவோம். நட்பு கெடாமல் இருக்கத்தான் அந்தக் காகிதம். இந்த உரிமைச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எந்த விநியோகஸ்தரும் படத்தைத் தொட மாட்டார்.

இசையில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சார்லஸ் பர்னெட் தன் பல்கலைக்கழகப் படிப்புக்காக எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' 1970-களின் கடைசியிலேயே தயார். அமெரிக்க சினிமாவின் முக்கியமான படங்களில் ஒன்றாக அதைக் கொண்டாடினார்கள். ஆனால் அதில் வரும் பாடல்களுக்கு உரிமை வாங்கியிருக்கவில்லை. உரிமைகளை வாங்கி முடித்து முறையாகத் திரையரங்குக்கு வந்தது 2007-ல். கிட்டத்தட்ட முப்பது வருடம். 'விழாவுக்கு மட்டும்' என்று பாடல் உரிமை வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விழாவில் பெயர் வாங்கிய பிறகு அதே பாடலின் விலை ஏறியிருக்கும்.

இன்னொன்று, சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968-ல் வெளியானபோது விநியோக நிறுவனம் படத்தின் பெயரை மாற்றியது. புதிய டைட்டில் கார்டில் காப்புரிமை அறிவிப்பு வரி விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் படம் பொதுவுடைமை ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள், எடுத்தவர்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை. சட்டம் இன்று மாறிவிட்டது. ஆனாலும் உங்கள் படத்தின் கடைசிப் பிரதியை வேறு யார் தொட்டாலும் அதை முதலிலிருந்து கடைசிவரை நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

ஒப்பந்தம் கையில் வந்துவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

எந்த இடத்துக்கு, எந்த ஊடகத்துக்கு, எத்தனை காலத்துக்கு. இந்த மூன்றும்தான் முதலில். தொகையை அதற்குப் பிறகு பாருங்கள்.

படத்தின் உரிமை ஒரே கட்டி இல்லை, பங்கு போடக்கூடியது. திரையரங்கு ஒருவருக்கு, ஓடிடி இன்னொருவருக்கு, தொலைக்காட்சி மற்றொருவருக்கு. விமானத்தில் காட்டுவது, கல்லூரிகளில் திரையிடுவது, ரீமேக், டப்பிங் எல்லாமே தனித்தனி உரிமைகள். ஒவ்வொன்றையும் நாடு வாரியாகவும் பிரிக்கலாம். என் ஒப்பந்தத்தில் இருந்தது இதுதான்: 'இன்று இருக்கும், இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும்'. பிரபஞ்சம் என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அப்படியே எழுதுகிறார்கள், அது வழக்கமான வாசகம்தான்.

அந்த நிறுவனத்துக்கு இரண்டு நாடுகளில்தான் ஆள் இருந்தார்கள். மற்ற நாடுகளின் உரிமையை அவர்கள் ஒன்றும் செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. ஆனால் எங்கிருந்தோ ஒரு சின்ன விழாக்குழு படத்தைக் கேட்டபோது நான் சரி சொல்ல முடியவில்லை. என் உரிமை இன்னொருவருடைய அலமாரியில் இருந்தது. ஆகவே இப்படிக் கேளுங்கள்: "இந்த நாட்டில் என் படத்தை எப்படி வெளியிடப் போகிறீர்கள்?" பதில் இருந்தால் அந்த நாட்டைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

காலத்துக்கும் வரம்பு வேண்டும். சின்ன படம் என்றால் ஐந்திலிருந்து ஏழு வருடம் கேட்பது நியாயமான தொடக்கம் என்பது என் எண்ணம். கூடவே, இத்தனை மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்ற வரியும் இருக்கட்டும்.

எம்.ஜி. கொடுக்கிறேன் என்கிறார்கள். அப்படியென்றால் நல்ல ஒப்பந்தம்தானே?

மினிமம் கியாரண்டி என்பது முன்பணம். படம் பிறகு ஓடாவிட்டாலும் பொதுவாக அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அந்த வகையில் நல்லது. ஆனால் வருமானத்திலிருந்து முதலில் அதைக் கழித்துக்கொண்ட பிறகுதான் உங்கள் பங்கு பேச்சுக்கே வரும். எனக்குத் தெரிந்து பல சின்ன படங்களுக்கு அந்த முன்பணம்தான் முதலும் கடைசியும். அதனால் இந்தத் தொகைக்கு மேல் ஒரு காசும் வராது என்று வைத்துக்கொண்டு, இத்தனை வருட உரிமைக்கு இது போதுமா என்று உங்களையே கேளுங்கள். எவ்வளவு என்பது மாதிரியே எப்போது என்பதும் முக்கியம். கையெழுத்தின்போது எவ்வளவு, பிரதி ஒப்படைக்கும்போது எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். வெளியீட்டுக்குப் பிறகு தருகிறோம் என்றால் அது கியாரண்டியே இல்லை.

படம் ஓடியது, கூட்டமும் வந்தது. எனக்கு ஏன் பணம் வரவில்லை?

அதிகம் வரும் கேள்வி இது. விழா முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, தனியாக வந்து தணிந்த குரலில் கேட்பார்கள்.

டிக்கெட் விற்பனை 100 என்று வைத்துக்கொள்வோம். திரையரங்கு ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும், மீதி 50. விநியோகஸ்தரின் கமிஷன் 30 சதவீதம் என்றால் 15 போய் 35 நிற்கும். அடுத்து அவர் செய்த செலவு, அதாவது விளம்பரம், போஸ்டர், டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), டிரெய்லர். அது 25 என்றால் 10 மிச்சம். நடுவில் சேல்ஸ் ஏஜென்ட், அதாவது உங்கள் சார்பில் படத்தை விற்றுத் தருபவர், இருந்தால் அவருக்கு 20 சதவீதம், 2 போயிற்று. அவருடைய பயணச் செலவும் படச் சந்தையில் ஸ்டால் போட்ட செலவும் 6. கடைசியில் உங்கள் பக்கம் வந்து சேர்வது 2. அதிலிருந்துதான் பணம் போட்டவர்களுக்கு அசல் திரும்ப வேண்டும். சதவீதங்கள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் வரிசை மாறாது, எடுத்தவர் கடைசி ஆள்.

இதில் யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'செலவு' என்ற இடத்தில் உச்சவரம்பு இல்லையென்றால் போதும். எனக்கு வந்த முதல் கணக்கு ஒரே ஒரு ஏ4 தாள். வருமானம் என்று நான்கு வரி. கீழே 'சந்தைப்படுத்தல் செலவு' என்று ஒரே வரி, விவரம் ஏதும் இல்லை. அந்த ஒரு வரியின் தொகை மேலே இருந்த நான்கையும் கூட்டினால் வருவதைவிடக் கொஞ்சம் அதிகம். அடுத்த கணக்கிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. மூன்றாவது தாளை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கோபப்பட ஒரு பொய்யான எண்கூட அதில் கிடைக்கவில்லை. எல்லாம் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதி.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1988-ல் எடி மர்ஃபி நடித்து வந்த 'கமிங் டு அமெரிக்கா' உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கதையின் மூலக்கரு தன்னுடையது என்று வழக்குப் போட்ட எழுத்தாளர் ஆர்ட் புக்வால்டுக்கு நிகர லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தம் இருந்தது. பாரமவுண்ட் நிறுவனமோ, கணக்குப்படி நிகர லாபமே இல்லை என்றது. அந்த லாபக் கணக்கு முறையின் பல அம்சங்கள் ஏற்கத்தக்கவை அல்ல என்று 1990-ல் நீதிமன்றம் சொன்னது. அத்தனை வசூல் செய்த படத்திலேயே நிகர லாபம் இல்லை என்று எழுத முடிந்தது. ஆகவே 'நிகர லாபத்தில் 50 சதவீதம்' என்பதைவிட 'மொத்த வருவாயில் 10 சதவீதம்' மேல். நிகரம் என்று வந்தால் செலவுக்கு உச்சவரம்பு, ஒவ்வொரு செலவுக்கும் பில், கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

இன்னும் ஒரு பொறி உண்டு. உங்கள் படம் ஒரு நாட்டில் சம்பாதித்ததை இன்னொரு நாட்டில் ஏற்பட்ட நஷ்டத்தில் கழித்துக்கொள்வார்கள். இரண்டு படம் கொடுத்திருந்தால் ஒன்றின் லாபம் மற்றொன்றின் கடனுக்குப் போய்விடும். ஒவ்வொரு படத்துக்கும், முடிந்தால் ஒவ்வொரு நாட்டுக்கும், தனிக் கணக்கு என்று எழுதச் சொல்லுங்கள்.

சேல்ஸ் ஏஜென்ட், விநியோகஸ்தர், அக்ரிகேட்டர். என்ன வித்தியாசம்?

சேல்ஸ் ஏஜென்ட் உங்கள் சார்பில் நாடு நாடாக விற்பவர். கான் விழாவோடு நடக்கும் சந்தை போன்ற இடங்களில் இருப்பார். விநியோகஸ்தர் வாங்கி மக்களிடம் கொண்டுபோகிறவர். அக்ரிகேட்டர் உங்கள் கோப்புகளைச் சரிபார்த்து ஓடிடி தளங்களில் ஏற்றுபவர். விளம்பரம் செய்வது அவர் வேலை இல்லை, அதை எதிர்பார்க்காதீர்கள். இடையில் இருப்பவர் மூழ்கினால் உங்கள் பணமும் மூழ்கும். 2019-ல் அமெரிக்காவில் டிஸ்ட்ரிபர் என்ற அக்ரிகேட்டர் நொடித்துப்போனபோது, தளங்கள் கொடுத்த பணம் பல படக்காரர்களுக்கு வந்து சேரவில்லை. நிறுவனம் நொடித்தால் உரிமை உடனே நமக்குத் திரும்பும் என்று ஒரு வரி கேளுங்கள். ஆனால் திவால் சட்டம் சில நாடுகளில் அந்த வரியைச் செல்லாததாக்கும். அதனால் பணத்தை அவர்களிடம் அதிக நாள் தேங்க விடாமல் மாதமோ காலாண்டோ கறாராகக் கேட்டு வாங்குவதும் தேவை.

"பத்து நிமிடம் வெட்டினால் எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். வெட்டலாமா?

முதலில் அதைப் பார்வையாளரின் கருத்தாக எடுத்துக்கொண்டு கேளுங்கள். என் இரண்டாவது படத்தில் ஒரு வாங்குபவர் சொன்ன இடத்தில் நான்கு நிமிடம் எடுத்தேன், படம் நன்றாக ஆனது. அவர்களுக்கும் சினிமா தெரியும். ஆனால் வெட்டும் அதிகாரத்தை எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள்.

ஆர்சன் வெல்ஸ் முதல் படத்தில் ஃபைனல் கட் உரிமையை, அதாவது கடைசி எடிட்டிங்கை முடிவு செய்யும் உரிமையை, வைத்திருந்தார். இரண்டாவது படமான 'தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' வந்தபோது அது அவர் கையில் இல்லை. 1942-ல் அவர் பிரேசிலில் இருந்த சமயம், ஸ்டுடியோ 40 நிமிடத்துக்கும் மேல் வெட்டி, முடிவையும் வேறு ஆட்களை வைத்து எடுத்து ஒட்டியது. வெட்டிய நெகட்டிவையும் அழித்துவிட்டார்கள். இன்றுவரை அந்தக் காட்சிகளை யாரும் பார்க்க முடியவில்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

சில நாடுகளில் சட்டம் துணைக்கு வரும். படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையை, காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை அங்கீகரிக்கிறது. ஜான் ஹஸ்டன் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசி பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் போட முயன்றபோது அவர் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 1991-ல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அமெரிக்காவில் அப்படி நடந்திருக்காது. அங்கே இயக்குநர்களுக்குக் கிடைத்ததெல்லாம் தங்கள் பெயரைப் படத்திலிருந்து நீக்கிக்கொள்ளும் வழி. 1960-களின் கடைசியிலிருந்து 2000 வரை, கைவிட்டுப்போன படங்களில் ஆலன் ஸ்மிதீ என்ற பொய்ப்பெயரைப் போட இயக்குநர் சங்கம் அனுமதித்தது.

எந்த விழாவுக்கு முதலில் அனுப்புவது?

பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் பெரும்பாலும் வேறெங்கும் திரையிடாத படத்தைத்தான் கேட்கும். அதனால் முதல் திரையிடலை அவசரப்பட்டு ஒரு சின்ன விழாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் அந்த ஒரு பெரிய அழைப்புக்காக இரண்டு வருடம் படத்தைப் பூட்டி வைப்பதும் சரியில்லை. ஒரு சுற்று முயன்று பாருங்கள், வராவிட்டால் கிளம்பிவிடுங்கள். நுழைவுக் கட்டணம் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் படப்பிடிப்புச் செலவைத் தொட்டுவிடும், அதற்கும் முதலிலேயே ஒரு தொகை ஒதுக்குங்கள்.

ஃபர்ஸ்ட் காப்பி தயார். இன்னும் என்ன செலவு இருக்கப்போகிறது?

நிறைய. டிசிபி, நேரக்குறியோடு வசனப் பட்டியல், சப்டைட்டில் கோப்பு, வசனம் இல்லாமல் இசையும் ஒலிகளும் மட்டும் உள்ள ட்ராக், ஸ்டில்கள், சில நாடுகளில் காப்பீடு. வசனமில்லாத அந்த ட்ராக்கை மிக்ஸிங் செய்யும்போதே எடுத்துவிடுங்கள், பிறகு தனியாகச் செய்தால் செலவு பல மடங்கு. ராபர்ட் ரோட்ரிகஸ் ஏறக்குறைய 7,000 டாலரில் 'எல் மரியாச்சி' எடுத்ததை எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கிய ஸ்டுடியோ அதைத் திரையரங்குக்குத் தயாராக்க அதைவிடப் பல மடங்கு செலவழித்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

யாரும் வேண்டாம், நானே வெளியிட்டால்?

முடியும். 'எ வுமன் அண்டர் தி இன்ஃபுளூயன்ஸ்' படத்தை வாங்க ஆளில்லாதபோது ஜான் கசவேட்ஸ் 1974-ல் தானே திரையரங்குகளிடம் பேசிப் படத்தைப் போட்டார். அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-ல் ஒடெஸ்ஸா கூட்டியக்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் போட்டு மக்களிடம் வசூலித்த பணத்திலேயே 'அம்ம அறியான்' எடுத்தார்கள். முடிந்த படத்தையும் அப்படியே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

என் இரண்டாவது படத்தின் கல்லூரி, திரைச்சங்கத் திரையிடல் உரிமையை நானே வைத்துக்கொண்டேன். எந்தச் சங்கத்துக்கு எழுதுவது, யார் பதில் போட்டார்கள், எங்கே ப்ரொஜெக்டர் சரியில்லை என்று ஒரு வருடம் அதே வேலை. அந்த வருடம் ஒரு பக்கம்கூடப் புதிதாக எழுதவில்லை. அதையும் விலையாகக் கணக்கில் எடுங்கள். ஆனால் ஒரு திரையிடலில் படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார், படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விநியோகஸ்தர் வழியாகப் போன முதல் படத்தில் நான் ஒரு பார்வையாளரின் முகத்தைக்கூட இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

இத்தனை கேள்வி கேட்டால் 'கஷ்டமான ஆள்' என்று ஒதுக்கிவிட மாட்டார்களா?

அந்தப் பயத்தில்தான் நான் சோபாவில் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது முறை 14 திருத்தங்கள் அனுப்பினேன். எதிர்ப்பக்கம் இருந்தவர் கோபப்படவில்லை. ஒன்பதை ஏற்றார், மூன்றில் பாதி வழி வந்தார், இரண்டை மறுத்தார். அவருக்கு அது வழக்கமான வேலை நாள். நீங்கள் எதுவும் கேட்காமல் இருந்தால் அதற்காக உங்களை மதிக்கப் போவதில்லை. கேட்டதற்கே கதவைச் சாத்துகிற இடம், நாளை கணக்குக் கேட்டால் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். படம் முடங்கிக் கிடக்கிறது. வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. ஒப்பந்தத்தை எடுத்து, அவர்கள் செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். கணக்கு அனுப்பும் தேதிகள், வெளியிட வேண்டிய கெடு. எதைத் தவறவிட்டிருக்கிறார்களோ அதைக் குறிப்பிட்டு, ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வருத்தப்பட்டு எழுதுவது நோட்டீஸ் ஆகாது. சண்டை போடாமல், "நீங்கள் பயன்படுத்தாத நாடுகளை மட்டும் திருப்பிக் கொடுங்கள்" என்றும் அவர்களிடம் கேட்கலாம். பயனில்லாத உரிமையை விட்டுக்கொடுப்பதில் பலருக்குத் தயக்கம் இருப்பதில்லை.

என் விஷயத்தில் இரண்டு கணக்குகள் வராமல் போயிருந்தன. வழக்கறிஞர் ஒருவர் அதை வைத்து இரண்டு பக்க நோட்டீஸ் அனுப்பினார். ஐந்து மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு உரிமையை விடுவித்துக் காகிதம் வந்தது. கூடவே ஒரு பெட்டியில் ஹார்ட் டிஸ்க். அதன் மேல் படத்தின் பெயரை யாரோ பிழையோடு எழுதியிருந்தார்கள். இரவு எடிட்டரைக் கூப்பிட்டு, இருவரும் அதைப் போட்டுப் பார்த்தோம். பாட்டி கதவைச் சாத்துகிற ஷாட் வந்ததும் நிறுத்தி, சரியாக இருக்கிறதா என்று ஒலியையும் வண்ணத்தையும் சோதித்தோம். சரியாக இருந்தது. மறுநாள் காலை, ஏழு வருடம் முன்பு கேட்டிருந்த அந்தச் சின்ன விழாக்குழுவுக்கு எழுதினேன்.